பணம் அனுப்புமுன்: அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகக் கல்வியைத் திட்டமிடல்

யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ வாழும் ஒரு பிள்ளை அவுஸ்திரேலியாவிற் கற்க விரும்பும்போது, முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் இங்குள்ள சித்தப்பாவுக்கோ மாமிக்கோ வருகின்றது. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, எவ்வளவு பணம் வேண்டும், படித்துக்கொண்டே உழைத்துக் கட்டணம் கட்டலாமா என்பனவே அவ்வழைப்பில் எழும் வினாக்கள். இங்குள்ள உறவினர் கூறும் விடையை நம்பி ஊரிற் காணி ஈடு வைக்கப்படுகின்றது. நகை அடகுக்குப் போகின்றது. எனவே அவ்விடை செவிவழிச் செய்தியாக இருத்தலாகாது.

வெளிநாட்டு மாணவருக்கு அவுஸ்திரேலியச் சட்டம் பல பாதுகாப்புகளை வழங்குகின்றது. ஆயினும் அவை உரிய வரிசையில் நடந்துகொள்வோருக்கே முழுமையாகப் பயன்படும். முதலிற் கற்கைநெறி, அடுத்து எழுத்துமூல ஒப்பந்தம், அதன்பின் பணம், அதன்பின் வீசா என்பதே அவ்வரிசை. பணம் முந்திச் சென்று ஒப்பந்தம் பிந்தி வரும் இடத்திலேயே குடும்பங்கள் இழப்பைச் சந்திக்கின்றன.

1. கற்கைநெறியைத் தெரிதல்

கிரைக்கொஸ் எனப்படும் அரச பதிவேட்டில் இடம்பெற்ற கற்கைநெறிக்கே மாணவர் வீசா வழங்கப்படும். நிறுவனத்துக்கு ஓர் இலக்கமும், அங்கு நடைபெறும் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனி இலக்கமும் உண்டு. இப்பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்வையிடலாம். விளம்பரத்திலுள்ள பெயரும் பதிவேட்டிலுள்ள பெயரும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது முதற்கடமை.

தாதியியல், பொறியியல், கணக்கியல் போன்ற துறைகளில் இன்னொரு சோதனையும் தேவை. பட்டம் பெறுவது ஒன்று. அப்பட்டத்தைக் கொண்டு தொழில் செய்ய அனுமதி பெறுவது வேறொன்று. எடுத்துக்காட்டாக, இங்கு பட்டம் பெற்றுத் தாதியாகப் பதிவுபெற விரும்புபவர், அவுஸ்திரேலியத் தாதியர் மற்றும் மருத்துவிச்சியர் சபை ஏற்ற கற்கைநெறியையே தெரிவுசெய்தல் வேண்டும்.

பல்கலைக்கழகங்களின் முதன்மைத் தவணைகள் பெப்ரவரி அல்லது மார்ச்சிலும், ஜூலையிலும் தொடங்குகின்றன. ஓராண்டுக்கு முன்னரே ஆயத்தத்தைத் தொடங்குவது நலம்.

2. ஒப்பந்தத்தை வாசித்தல்

அனுமதிக் கடிதத்துடன் எழுத்துமூல ஒப்பந்தமொன்றும் வரும். 2000 ஆம் ஆண்டின் வெளிநாட்டு மாணவர் கல்விச் சேவைகள் சட்டமும் அதன்கீழ் அமைந்த 2018 ஆம் ஆண்டின் தேசிய நடைமுறைக் கோவையும் இவ்வொப்பந்தத்தைக் கட்டாயமாக்குகின்றன. கட்டணம் எவ்வளவு, எப்போது செலுத்த வேண்டும், எச்சூழ்நிலையில் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பன அதில் இருத்தல் வேண்டும். மாணவரும், பணம் செலுத்துபவரும் இதனை முழுமையாக வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடுதல் தகும்.

இவ்விடத்தில் மூன்று விதிகள் நினைவிற் கொள்ளத்தக்கவை.

முதலாவது: 25 வாரங்களுக்கு மேற்பட்ட கற்கைநெறியாயின், அது தொடங்குமுன் மொத்தக் கல்விக்கட்டணத்தில் 50 விழுக்காட்டுக்கு மேல் செலுத்துமாறு நிறுவனம் கோர முடியாது. செலுத்துபவர் தாமாக விரும்பினால் மட்டுமே கூடுதலாகச் செலுத்தலாம்.

இரண்டாவது: வீசா மறுக்கப்பட்டமையாற் கற்கைநெறியைத் தொடங்க முடியாது போனால், செலுத்திய கட்டணத்தில் 5 விழுக்காடு அல்லது 500 டொலர், இவற்றுட் குறைந்த தொகையையே நிறுவனம் கழித்துக்கொள்ளலாம். 20,000 டொலர் செலுத்தியவருக்கு 19,500 டொலர் திரும்பக் கிடைத்தல் வேண்டும்.

மூன்றாவது: நிறுவனம் மூடப்பட்டாலோ கற்கைநெறியை நடத்தத் தவறினாலோ, அரசின் கல்விக்கட்டணப் பாதுகாப்புச் சேவை மாற்றுக் கற்கைநெறிக்கு உதவும், அல்லது பயன்படுத்தப்படாத கட்டணத்தை மீளப்பெற வழிசெய்யும்.

இவ்வுரிமைகளை நிலைநாட்ட, பணம் நிறுவனத்தின் கணக்குக்கே நேரடியாகச் சென்றமைக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்குச் சென்ற பணத்தை மீட்பது மிகக் கடினம்.

3. பணக்கணக்கைப் போடுதல்

வீசாவுக்கு விண்ணப்பிக்கும் தனி மாணவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 டொலர் 2024 மே 10 முதல் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. முதலாண்டுக் கல்விக்கட்டணமும் பயணச் செலவும் இதற்குப் புறம்பானவை. 2025 ஜூலை 1 முதல் மாணவர் வீசாவின் விண்ணப்பக் கட்டணம் 2,000 டொலர். வீசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பாது. வீசாக் காலம் முழுமைக்கும் வெளிநாட்டு மாணவர் உடல்நலக் காப்புறுதியும் எடுத்தல் வேண்டும். பல், கண் சிகிச்சைச் செலவுகளை அது பொதுவாக ஏற்பதில்லை. இத்தொகைகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் உள்துறைத் திணைக்களத்தின் இணையத்தளத்திற் சரிபார்த்தல் வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் 38,000 டொலர் எனக் கொண்டால், முதலாண்டுக்கு 67,710 டொலரும், அதற்கு மேல் வீசா, காப்புறுதி, பயணம் ஆகியவற்றின் செலவும் தேவை.

பகுதிநேர வேலையால் இதனை ஈடுசெய்ய இயலுமா? கற்கைநெறி தொடங்கிய பின்னரே மாணவர் வேலை செய்யலாம். கல்வி நடைபெறும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணிநேரமே எல்லை. விடுமுறையில் இவ்வெல்லை இல்லை. 2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டொலர். வாரம் 24 மணிநேரமாக 40 வாரங்கள் உழைத்தால் வரிக்கு முன் 23,952 டொலர் வரும். நிரந்தரமற்ற ஊழியருக்குரிய 25 விழுக்காட்டு மேலதிக ஊதியம் சேர்ந்தாலும் ஏறத்தாழ 29,940 டொலரே. அது வாழ்க்கைச் செலவோடு முடிந்துவிடும், கல்விக்கட்டணத்துக்கு மிஞ்சாது. அதுவும் வேலை உடனே கிடைத்து, ஒரு வாரமேனும் தவறாத நிலையிலேயே. ஆகவே இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வழி காணாமல் முதலாண்டுப் பணத்தை அனுப்புவது, பாதி ஆற்றுக்கு மட்டும் பாலம் கட்டுவதை ஒக்கும்.

4. வீசாவுக்கு விண்ணப்பித்தல்

2024 மார்ச் 23 முதல் ‘உண்மையான மாணவர்’ என்னும் தேவைப்பாடு நடைமுறையில் உள்ளது. இக்கற்கைநெறியை ஏன் தெரிந்தார், அது தம் எதிர்காலத்துக்கு எவ்வாறு உதவும் என்பவற்றை மாணவர் தம் சொற்களில் விளக்குதல் வேண்டும். முகவர் பலருக்கும் பொதுவாக எழுதிக்கொடுக்கும் விடை மாணவருக்குக் கேடாகவே முடியும்.

பொய்யான வங்கிக் கூற்றோ சான்றிதழோ சமர்ப்பிக்கப்பட்டால் வீசா மறுக்கப்படுவதோடு, மூன்றாண்டுகளுக்குப் பல வகை வீசாக்களைப் பெற முடியாத தடையும் ஏற்படலாம். ஆவணத்தைக் கொடுத்தவர் முகவர் என்றாலும், விளைவை அனுபவிப்பவர் மாணவரே. அவுஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்குப் பொதுவாக மீளாய்வு உரிமையும் இல்லை.

“முதலிற் சுற்றுலா வீசாவில் வரட்டும், பிறகு இங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்னும் பழைய ஆலோசனை இனிச் செல்லாது. 2024 ஜூலை 1 முதல், வருகையாளர் வீசாவில் உள்ளோர் அவுஸ்திரேலியாவுக்குள் இருந்தவாறு மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிக்க இயலாது.

இங்கே கட்டணம் பெற்றுக் குடிவரவு ஆலோசனை வழங்குபவர் பதிவுபெற்ற குடிவரவு முகவராகவோ சட்டத்தரணியாகவோ இருத்தல் வேண்டும். முகவரின் பெயரைக் குடிவரவு முகவர் பதிவு அலுவலகத்தின் பட்டியலிற் சரிபார்க்கலாம்.

5. வந்து சேர்ந்தபின்

வந்து ஏழு நாட்களுக்குள் வதிவிட முகவரியைக் கல்வி நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். வீடு மாறும்போதும் அவ்வாறே. முதன்மைக் கற்கைநெறியின் முதல் ஆறு மாதங்களில், விடுவிப்பு இன்றி வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. முதுநிலைப் பட்டத்துக்கென வீசா பெற்றவர் மலிவான டிப்ளோமாக் கற்கைநெறிக்கு இறங்கினால் வீசா நிபந்தனையை மீறியவராவார். “கட்டணம் குறைவு, வகுப்புக்குப் போகவும் தேவையில்லை” என்று அழைப்பவர் காட்டும் பாதை வீசா இழப்பில் முடியலாம்.

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் மாணவருக்கும் பொருந்தும். வீசா நிலையைக் காட்டி ஊழியரை அச்சுறுத்திச் சுரண்டுவது 2024 ஜூலை 1 முதல் குற்றமாகும். ஊதியச் சிக்கல்களை நியாய வேலை குறைகேள் அதிகாரியிடமும், பல்கலைக்கழகத்தின் மீதான முறைப்பாடுகளை 2025 பெப்ரவரி 1 முதல் இயங்கும் தேசிய மாணவர் குறைகேள் அதிகாரியிடமும் கட்டணமின்றி முன்வைக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் வாடகை ஒப்பந்தத்துக்கான பிணைப்பணம் நான்கு வார வாடகையை மிஞ்சலாகாது. வீட்டைப் பாராமற் பணம் அனுப்புதல் தவிர்க்கப்படல் வேண்டும்.

6. இங்குள்ள உறவினரின் பங்கு

தங்குமிடமோ பண உதவியோ தருவதாகக் கூறும் உறவினர், எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பதை ஊரிலுள்ள குடும்பத்தினருடன் முன்னரே பேசி எழுதிவைத்தல் இரு தரப்புக்கும் நன்று. இயலாததை இயலும் என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தல் அன்பின் அடையாளமன்று. அப்பொய் மாணவரின் விண்ணப்பத்தையே பாதிக்கும். “இவ்வாண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்று உரிய நேரத்திற் சொல்லும் உறவினர் ஒரு குடும்பத்தின் காணியைக் காப்பாற்றியவராகவும் இருக்கலாம்.

ஆவணப் பிரதிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான்கள் இம்மாநிலத்தில் அச்சேவைக்குக் கட்டணம் பெறுவதில்லை. அவுஸ்திரேலியாவிற் செய்யப்படும் மொழிபெயர்ப்புகள் நாட்டி அங்கீகாரம் பெற்றவரால் செய்யப்படல் வேண்டும். அரச அலுவலகங்களுடன் தமிழிற் பேச விரும்புவோர் 131 450 என்னும் இலக்கத்தில் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.

பணம் அனுப்புமுன் கேட்கவேண்டிய ஐந்து வினாக்கள்

1. கற்கைநெறியின் கிரைக்கொஸ் இலக்கம் சரிபார்க்கப்பட்டதா?
2. பணம் திருப்பிக் கொடுக்கும் விதிகள் ஒப்பந்தத்தில் வாசிக்கப்பட்டனவா?
3. பணம் நிறுவனத்தின் கணக்குக்கே செல்கின்றதா?
4. கடைசி ஆண்டுக் கட்டணம் வரை வழி உண்டா?
5. விண்ணப்பத்திலுள்ள ஒவ்வொரு விவரமும் உண்மை என மாணவர் தாமே வாசித்து உறுதிசெய்தாரா?

ஐந்துக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய நாளே பணம் அனுப்புவதற்கு ஏற்ற நாள்.