பலர் கூடிப் பயன்படுத்தும் நாட்காட்டி

ஒடிசா, ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களின் உட்பகுதிகளில் 'ஹாட்' என்று வழங்கும் வாரச்சந்தைகள் உண்டு. திங்கட்கிழமை ஓர் ஊரில் கூடும் சந்தை, செவ்வாய்க்கிழமை வேறோர் ஊரில் கூடும். இம்முறையை வியாபாரிகளோ குடியானவர்களோ தாளில் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஆயினும் குறித்த நாளில், குறித்த மரத்தடியில், வாங்குவோரும் விற்போரும் தவறாமல் வந்து சேருகின்றனர். எல்லார் மனத்திலும் ஒரே அட்டவணை பதிந்திருப்பதே இதற்குக் காரணம். பலர் சேர்ந்து செய்யும் எந்தக் காரியத்திற்கும் பொதுவான காலக்குறிப்பு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

சந்தை நாள் மாறுவதில்லை. ஆகையால் நினைவு ஒன்றே போதுமானது. கிராம ஊழியர், ஆசிரியர் ஆகியோரின் வேலை நாட்களோ மாதத்திற்கு மாதம் மாறுகின்றன. அவற்றுக்கு நினைவு போதாது. ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் நாட்குறிப்பும் போதாது. இக்குறையைப் போக்க வந்த சாதனமே இணையத்தின் வழியே பலர் பகிர்ந்துகொள்ளும் மின்னணு நாட்காட்டி. அதன் அமைப்பு, அதைப் பகிரும் வழிகள், அதனால் விளையும் நன்மைகள், அதில் கவனிக்கவேண்டிய அபாயங்கள் ஆகியவற்றை இப்பாடம் விளக்கும்.

தேவை யாது?

ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஒன்று அரசினர் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. குழுவினர் நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கின்றனர். தலைமையாசிரியர் அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறார். அதே வியாழனன்று வட்டார விளையாட்டு விழாவை நடத்தக் கல்வி அலுவலகம் தீர்மானிக்கிறது. ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியாது. மருத்துவர் வரும்போது பாதி வகுப்புகள் காலியாக இருக்கின்றன.

இது சிறிய பிசகு போலத் தோன்றலாம். ஆனால் அன்று வராதிருந்த ஒரு சிறுமிக்குக் கண்பார்வை குறைந்திருக்கலாம்; ஒரு சிறுவனுக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கலாம். குழு மீண்டும் அப்பள்ளிக்கு வர ஓராண்டு ஆகக்கூடும். கரும்பலகை தெரியாத குழந்தை அதுவரை 'மந்தமான பிள்ளை' என்றே எண்ணப்படும். இரண்டு அலுவலகங்கள் ஒரே நாட்காட்டியைப் பார்த்திருந்தால் நேராத நஷ்டம் இது.

நிகழ்ச்சிக் குறிப்பின் அமைப்பு

மின்னணு நாட்காட்டியில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு சிறு பதிவேட்டுத் தாள் போன்றது. அதில் நிகழ்ச்சியின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், திரும்ப நிகழ்வதாயின் அதன் விதி ஆகியவை தனித்தனிப் பத்திகளில் எழுதப்படும். இவற்றோடு, அந்நிகழ்ச்சிக்கு மட்டுமே உரிய ஓர் அடையாள எண்ணும் உண்டு. இவ்வெண் மிக முக்கியமானது. கூட்டம் புதனிலிருந்து வெள்ளிக்கு மாறும்போது, அடையாள எண் ஒன்றாகவே இருப்பதால், பெறுவோரின் கருவி அதனைப் புதிய கூட்டமாகக் கொள்ளாமல் பழைய கூட்டத்தையே இடம் மாற்றுகிறது. அடையாளம் இல்லையேல், புதனன்று ஒன்றும் வெள்ளியன்று ஒன்றுமாக இரண்டு கூட்டங்கள் நாட்காட்டியில் நின்றுவிடும்.

வெவ்வேறு கம்பெனிகள் செய்த கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளப் பொது மொழி ஒன்று வேண்டும். 'ஐகேலண்டர்' எனப்படும் அம்மொழியின் இலக்கணம் 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, 2009ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. நாட்காட்டியைத் தூரத்திலுள்ள சர்வரில் வைத்து, பலர் படிக்கவும் திருத்தவும் உதவும் 'கேல்டேவ்' என்னும் முறை 2007ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. இவற்றின் பயனாகவே, ஒருவர் மேசைக் கணினியில் எழுதிய குறிப்பு மற்றொருவரின் கைபேசியில் தோன்றுகிறது.

பகிரும் மூன்று வழிகள்

முதலாவது, பிரதி அனுப்புதல். நாட்காட்டியை ஒரு கோப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்பலாம். இது அச்சிட்ட அட்டவணையைத் தபாலில் அனுப்புவதற்கு ஒப்பாகும். அனுப்பிய பின் செய்யும் மாறுதல் பெற்றவரைச் சேராது. ஆண்டு விடுமுறைப் பட்டியல் போன்ற, பெரும்பாலும் மாறாத விவரங்களுக்கு இது ஏற்றது.

இரண்டாவது, சந்தா முறை. நாட்காட்டிக்கு இணையத்தில் ஒரு முகவரி கொடுக்கப்படும். அம்முகவரியைத் தம் கருவியில் சேர்த்துக்கொண்டவர் அதனைப் படிக்கலாம், திருத்த இயலாது. கருவி அவ்வப்போது சர்வரிடம் கேட்டுப் புதிய விவரங்களைப் பெறும். இவ்வாறு கேட்பதற்கு இடையே பல மணி நேரம் கழிவதும் உண்டு. ஆதலால் இன்று மாலைக் கூட்டம் ரத்தாயிற்று என்ற செய்தியை இம்முறையில் மட்டும் நம்பி விட்டுவிடலாகாது, தொலைபேசியிலும் சொல்லவேண்டும்.

மூன்றாவது, கூட்டு உரிமை. பெயர் குறிப்பிட்ட சிலருக்கு ஒரே நாட்காட்டியைத் திறந்துவிடுவது இது. சர்வரில் உள்ள மூலம் ஒன்றே. ஒருவர் எழுதியது பிறருக்கு விரைவில் தெரியும். வட்டார ஊழியர்களுக்கு உகந்தது இம்முறையே.

ஆட்களுக்கு மட்டுமன்றிப் பொருள்களுக்கும் நாட்காட்டி வைக்கலாம் என்பது பலர் அறியாத விஷயம். அலுவலகத்தில் ஒரே ஜீப், ஒரே திரைப்படக் கருவி, ஒரே பயிற்சி அறை இருக்குமாயின், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்காட்டி ஏற்படுத்திவிட்டால், அது எந்த நாளில் யாரிடம் உள்ளது என்ற வாக்குவாதம் எழாது.

உரிமையின் படிகள்

2006ஆம் ஆண்டு வெளிவந்த கூகுள் கேலண்டர் போன்ற சாதனங்களில் உரிமை நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதற்படியில் ஒருவர் வேலையாக இருக்கிறாரா, ஓய்வாக இருக்கிறாரா என்பது மட்டும் தெரியும். என்ன வேலை என்பது தெரியாது. இரண்டாம் படியில் விவரங்களைப் படிக்கலாம். மூன்றாம் படியில் நிகழ்ச்சிகளைச் சேர்க்கலாம், மாற்றலாம், நீக்கலாம். நான்காம் படியில் வேறு யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் உண்டு.

வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையையே கொடுத்தல் வேண்டும் என்பது பொது விதி. எல்லாரும் திருத்தலாம் என்று விட்டால், தம்முடையது என்றெண்ணி ஒருவர் நீக்கும் நிகழ்ச்சி அனைவருக்கும் நீங்கிவிடும். இருவர் அல்லது மூவர் எழுத, ஏனையோர் படித்தல் நன்று. நான்காம் படியைக் குறைந்தது இருவரிடம் வைக்கவேண்டும். ஒருவரே வைத்திருந்து மாற்றலாகிச் சென்றால், நாட்காட்டிப் பொறுப்பும் அவரோடு சென்றுவிடும்.

நேரமும் தேதியும்

இந்திய நேரம் கீழ்த்திசை 82½ பாகை தீர்க்கரேகையை ஒட்டியது. அது உலகப் பொது நேரத்திற்கு 5½ மணி முந்தியது. பெரும்பாலான கருவிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தோடு இணைத்துக் கணக்கிட்டு, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றுகின்றன. ஆகவே, காலை 10-30 மணிக்குக் குறித்த கூட்டம் ஒருவரின் கருவியில் விடியற்காலை 5 மணி என்று தோன்றினால், கூட்டம் மாறிவிட்டது என்று எண்ணலாகாது. அக்கருவியின் நேர அமைப்பே தவறு. அதில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

திரும்ப நிகழும் நிகழ்ச்சிகள் மூவகைப்படும். குடியரசு தினம் போல ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவன முதல் வகை. 'மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை' என்பது போல வரிசையும் கிழமையும் கொண்டு வருவன இரண்டாம் வகை. கிராம சுகாதார, போஷாக்கு தினத்தை இவ்வாறு குறிக்கலாம். இவ்விரண்டுக்கும் விதியை ஒருமுறை எழுதினால் போதும். ஆனால் 'மாதந்தோறும் 31ஆம் தேதி' என்று எழுதினால், 30 நாள் மாதங்களிலும் பிப்ரவரியிலும் அந்நிகழ்ச்சி பல கருவிகளில் விடுபட்டுப்போகும். அக்கருவிகள் அதனை முந்திய நாளுக்கு மாற்றித் தருவதில்லை. மாதாந்திர அறிக்கை அனுப்புவோர் 'மாதத்தின் கடைசி நாள்' என்ற விதியையோ, 28ஆம் தேதியையோ கொள்ளவேண்டும்.

தீபாவளி, ரம்ஜான் பண்டிகை போலச் சந்திரனை ஒட்டி வருவன மூன்றாம் வகை. இவற்றை 'ஆண்டுதோறும்' என்று குறித்தால் அடுத்த ஆண்டே பிழையாகும். அரசாங்க விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஆண்டுதோறும் புதிதாக எழுதவேண்டும். பிறை காண்பதைப் பொறுத்த தினங்களுக்கு 'உறுதி செய்யப்படவில்லை' என்ற குறிப்பும் வேண்டும். நாட்டில் சுமார் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழங்கிய நிலையில், பொதுவான ஒரு கணிப்பை வகுக்க 1952ஆம் ஆண்டு டாக்டர் மேக்நாத் சாகாவின் தலைமையில் குழு அமைக்கப்பட்டதும், 1957 மார்ச்சு 22 முதல் தேசிய நாட்காட்டி அமலுக்கு வந்ததும் இங்கு நினைவுகூரத் தக்கவை. அன்று நாட்டுக்கு இருந்த பிரச்சினையே இன்று வட்டார அளவிலும் தோன்றுகிறது.

தொடர்பு எட்டாத இடங்களில்

மலைப்பகுதிகளிலும் காட்டுப்பகுதிகளிலும் கைபேசித் தொடர்பு நாள் முழுதும் கிடைப்பதில்லை. பெரும்பாலான கருவிகள் நாட்காட்டியின் பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்திருக்கும். தொடர்பு கிடைத்ததும் சர்வரோடு ஒத்துப்பார்க்கும். இதற்கிடையில் இருவர் ஒரே நிகழ்ச்சியை இருவிதமாக மாற்றினால் என்ன ஆகும்? கேல்டேவ் முறையில் ஒவ்வொரு திருத்தத்திற்கும் ஒரு குறி உண்டு. ஒருவர் பழைய குறியோடு வந்து எழுத முயன்றால், 'இடையில் வேறொருவர் மாற்றியுள்ளார்' என்று சர்வர் மறுக்கக்கூடும். இச்செய்தியைக் கண்டவர் மீண்டும் மீண்டும் அழுத்தாமல், புதிய விவரத்தை முதலில் படித்துப் பின்னர் திருத்தவேண்டும்.

வாரத்தின் முதல் நாள் காலையில், அவ்வார நிகழ்ச்சிகளைத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் அவசியம். திறன்பேசி இல்லாத பெற்றோரும் ஊராரும் தாளையே படிப்பர். மின்னணு நாட்காட்டி வந்ததனால் பலகை வேண்டாம் என்று நினைப்பது தவறு.

அந்தரங்கமும் அபாயமும்

நாட்காட்டியைப் 'பொது' என்று குறித்தால் உலகில் எவரும் அதனைப் பார்க்கலாம். மாணவியர் சுற்றுலா எந்த நாளில், எந்த விடுதியில் தங்கும், வினாத்தாள் கட்டு எந்த நேரத்தில் எவ்வழியே கொண்டுவரப்படும் என்பன பிறர் கண்ணில் படத் தகாதவை. பெயர் கேளாமல் படிக்கவிடும் இரகசிய முகவரியும் சாவி போன்றதே. அது யார் கையில் உள்ளதோ அவர் படிக்கலாம். அது வெளியானது தெரிந்தால் உடனே பழைய முகவரியை ரத்துசெய்து புதியது பெறவேண்டும்.

குழந்தையின் பெயர், நோய், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை நாட்காட்டியில் எழுதலாகாது. 'மருத்துவப் பரிசோதனை, 5ஆம் வகுப்பு, காலை 11 மணி' என்பது போதுமானது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குத் தனிக் கவனம் தந்துள்ளது. மேலும், அறிமுகமற்றோர் அனுப்பும் அழைப்புகள் தாமாகவே நாட்காட்டியில் புகுவது உண்டு. பரிசு, பணம் என்று ஆசைகாட்டும் இணைப்புகள் அவற்றில் இருக்கும். அறிந்தவர் அழைப்பை மட்டும் ஏற்கும்படி கருவியை அமைத்துக்கொள்வது நலம்.

குடும்பத்திலும் நண்பரிடத்திலும்

அலுவலக நாட்காட்டியையும் குடும்ப நாட்காட்டியையும் ஒன்றாக்கக் கூடாது. ஒரே கைபேசியில் இரண்டும் இரு நிறங்களில் தோன்றலாம். பகிர்வது மட்டும் தனித்தனியே இருக்கவேண்டும். குடும்பத்தில் முதியவரின் மருந்து, மருத்துவமனை செல்லும் நாள், குழந்தைகளின் தேர்வு, மின்கட்டணம் செலுத்தும் நாள் ஆகியவை இடம்பெறலாம். இவ்வேலைகள் அனைத்தையும் நினைவில் வைக்கும் பாரம் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி ஒருவர் மேலேயே விழுகிறது. பொதுவில் எழுதிவைத்தால் அதனைப் பலர் ஏற்க வழி பிறக்கும்.

உறவினரோ நண்பரோ வெளிநாட்டில் இருப்பின், நேர வேறுபாட்டைக் கருவியே கணக்கிடும். இந்திய நேரம் இரவு 7 மணிக்குக் குறித்த உரையாடல் லண்டனில் குளிர்காலத்தில் பகல் 1-30 மணியாகவும், கோடைகாலத்தில் பகல் 2-30 மணியாகவும் தோன்றும். அங்குக் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவதே காரணம், பிழை அன்று.

தொடங்கும் முறை

புதிதாகத் தொடங்குவோர் ஒரே பள்ளியில், அல்லது ஒரே துணைச் சுகாதார நிலையத்தில், ஐந்தாறு பேருடன் ஒரு மாதம் நடத்திப்பார்ப்பது உத்தமம். நிகழ்ச்சியின் பெயரை ஒரே முறையில் எழுதவேண்டும்: முதலில் இடம், பின்னர் வேலை, பின்னர் பொறுப்பாளர் பதவி. எந்த நாளையும் குறிக்கும் முன் பொது நாட்காட்டியைத் திறந்துபார்ப்பது கட்டாயமான பழக்கமாக வேண்டும். இப்பழக்கம் இல்லாதவிடத்துச் சாதனம் இருந்தும் பயனில்லை. மேற்சொன்ன பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு நாள் குறித்தவர், எழுதுமுன் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால், விழா மறுநாளுக்குச் சென்றிருக்கும். அச்சிறுமி மருத்துவர் முன் நின்றிருப்பாள்.

பயிற்சி வினாக்கள்

1. பிரதி அனுப்புதல், சந்தா, கூட்டு உரிமை ஆகிய மூன்றில் தேர்வு அட்டவணைக்கு ஏற்றது எது? காரணம் கூறுக.

2. 'மாதந்தோறும் 31ஆம் தேதி' என்று குறித்த நிகழ்ச்சி ஓராண்டில் எத்தனை முறை தோன்றும்?

3. தத்தம் வட்டாரத்தில் ஒரே நாளில் இரு நிகழ்ச்சிகள் மோதிய ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டு, எவர் எவர் ஒரே நாட்காட்டியைப் பார்த்திருக்கவேண்டும் என்று பட்டியலிடுக.