உயர்கல்விக் கடன்: யாருக்குக் கிடைக்கும், வாங்கியவர் கடமை என்ன?



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் நம் கடைக்கு ஒரு கூட்டம் வரும். சாமான் வாங்க அல்ல. "மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, சர்க்கார் பணம் எப்படி வாங்குவது?" என்று கேட்பதற்கு. கேட்கிறவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகள். பதில் சொல்லுகிற நமக்கோ படிப்பு மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். ஆயினும் மகள் ஒருத்திக்கும் மகன் ஒருவனுக்கும் இந்தக் கடனை வாங்கி, பாரம் நிரப்பி, ஓரிரு இடங்களில் இடறியும் எழுந்த அனுபவம் உண்டாதலால், அறிந்ததை இங்கே எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். "சர்க்கார் பணம்" என்கிறோம். அது உபகாரச் சம்பளம் அல்ல, கடன். தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது எல்லோர் வாயிலும் பி.டி.பி.டி.என். என்று வழங்குவது, 1997ஆம் ஆண்டின் 566ஆம் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்களுக்கும், தனியார் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்கும் அது கடன் கொடுக்கிறது. இந்நாட்டில் இலட்சக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள் அதைக் கொண்டே பட்டம் பெற்றார்கள். நம் சமூகத்தாரிலும் அப்படிப் படித்து டாக்டராகவும் கணக்கராகவும் ஆனவர்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

யாருக்குக் கிடைக்கும்? மலேசியக் குடிமகனாயிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது வயது 45ஐத் தாண்டியிருக்கக் கூடாது. படிப்பில் இன்னும் ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் போய் நின்றால் பயனில்லை. வேறு இடத்தில் முழு உதவி பெற்றுக்கொண்டு இங்கேயும் கை நீட்டக் கூடாது. பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்னும் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, சேரும் கல்லூரியும் அங்கே படிக்கும் குறிப்பிட்ட பாடமும் அங்கீகாரம் பெற்றவையா என்பது. நம்மவர் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். கல்லூரியின் கட்டடத்தையும் கண்ணாடிக் கதவையும் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் இல்லாமலிருக்கலாம். எம்.கியூ.ஏ. என்னும் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் பாடத்தின் பெயர் இருக்கிறதா, பி.டி.பி.டி.என். அந்தப் பாடத்துக்குக் கடன் தருகிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்காமல் வாங்குகிறோமா?

அடுத்தது குடும்ப வருமானம். அதைப் பொறுத்தே முழுத் தொகையா, முக்காலா, பாதியா என்று தீர்மானிக்கிறார்கள். சம்பளக்காரருக்கு இதில் தொல்லையில்லை, சம்பளச் சீட்டை நீட்டிவிடுவார். வியாபாரிக்குத்தான் குழப்பம். நம் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறோம். மகள் பாரத்தை வைத்துக்கொண்டு, "அத்தா, நம்ம மாச வருமானம் எவ்வளவுன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள். கல்லாவிலிருந்தபடியே, "தினம் ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆகுது, முப்பதால பெருக்கிக்கோம்மா" என்றோம். பிள்ளை 36,000 வெள்ளி என்று எழுதிவிட்டாள்! நல்ல வேளையாக அன்று கணக்குப்பிள்ளை கடையில் இருந்தார். "முதலாளி, அது வியாபாரம், வருமானமல்ல" என்று சொல்லி உட்கார்ந்து கணக்குப் போட்டார். சரக்குக் கொள்முதல் 27,000, கடை வாடகை 2,000, வேலையாட்கள் சம்பளம் 3,000, மின்சாரம், வண்டிக்கூலி, சில்லறைச் செலவு 600. மிஞ்சியது 3,400 வெள்ளி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று அதை அப்படியே அனுப்பியிருந்தால் நாம் பெரும் பணக்காரராகிப் பிள்ளை உதவியை இழந்திருப்பாள்.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 8,000 வெள்ளி மிஞ்சுகிற கடையை வைத்துக்கொண்டு 1,500 என்று எழுதுகிறவர்களும் நம்மிடையே உண்டு. "எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்" என்பது அவர்கள் நியாயம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் வருமான வரிக்குப் 'பி' பாரம் போடுகிறோம். கடைக் கணக்குகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டுமென்பது வரிச் சட்டம். அங்கே ஒரு தொகையும் இங்கே ஒரு தொகையும் எழுதினால் என்றாவது இரண்டும் சந்திக்கும். சந்திக்காமலே போனாலும் என்ன? அந்த நிதி மூட்டை தூக்குகிறவன் பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டிய பணம். பதினெட்டு வயதுப் பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு பொய்த் தொகையைச் சொல்லி எழுதச் செய்கிறோமே, அவனுடைய உயர்கல்வியின் முதற்பாடம் அதுதான்.

இனி வட்டி என்ற கேள்வி. இதைக் கேட்காத தகப்பனார் இல்லை, கேட்பதும் முறையே. 2008ஆம் ஆண்டு முதல் 'உஜ்ரா' முறை வந்தது. உஜ்ரா என்பது கூலி. கடனை நிர்வகிப்பதற்கான கூலியாக ஆண்டுக்கு 1 விழுக்காடு வாங்குகிறார்கள். 20,000 வெள்ளி கடனைப் பத்து ஆண்டில் அடைப்பதாக நேர்க்கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 200 வீதம் கூலி 2,000 வெள்ளி. ஆக 22,000 வெள்ளி, மாதம் 183 வெள்ளி சொச்சம். இது மார்க்கத்தில் எந்த அளவு கூடும் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளவும். ஆனால் வட்டி என்று பயந்து இதை விட்டுவிட்டு, அதே பிள்ளைக்காக வட்டிக் கடைக்காரரிடம் நகையை வைத்தவரையும் நாம் அறிவோம். அவருடைய பேணுதல் நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடன் வேண்டாமென்பவருக்கு வேறு வழிகளும் உண்டு. மாநில இஸ்லாமிய சமய மன்றங்களின் ஜகாத் நிதியிலிருந்து, தகுதியுள்ள ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவி தருகிறார்கள். இது திருப்பிக் கொடுக்க வேண்டாதது. நம்மவர் ஜகாத் கொடுப்பதில் பின்வாங்குவதில்லை. ரமலானில் ஊருக்கு அனுப்புகிறோம், இங்கேயும் செலுத்துகிறோம். ஆனால் கடை நொடித்துத் தாமே தகுதியுடையவராகிவிட்டால் போய்க் கேட்க வெட்கம். கொடுக்கும் காலத்தில் கடமையென்று கொடுத்தோம். இல்லாத காலத்தில் பிள்ளை கேட்டுப் பெறுவதில் என்ன இழிவு இருக்கிறது?

பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கிற சகோதரர்கள், மேலே சொன்ன எஸ்.எஸ்.பி.என். கணக்கில் இப்போதே சேமித்து வரலாம். அதற்கு வருமான வரியில் கழிவும் உண்டு.

சரி, பணம் வந்துவிட்டது. மாணவர் செய்ய வேண்டியது என்ன? தகப்பன்மார் அறியாமல் இருப்பது இந்தப் பகுதிதான். கடன் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை, பருவத்துக்குப் பருவம் வரும். மதிப்பெண் சராசரி 2.00க்குக் கீழே போனால் பட்டுவாடா நின்றுபோகும். பாடத்தை மாற்றினாலும், கல்லூரியை மாற்றினாலும், நோயினால் ஒரு பருவம் தள்ளிவைத்தாலும், படிப்பை நிறுத்தினாலும் கழகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இதைச் சிறு விஷயமென்று எண்ண வேண்டாம்.

நண்பர் ஒருவரின் மகன் மூன்றாம் பருவத்தோடு படிப்பை விட்டுவிட்டான். தகப்பனாருக்குப் பயந்து வீட்டில் சொல்லவில்லை. கழகத்துக்கும் சொல்லவில்லை. வேற்றூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு அமர்ந்தான். படிப்பை முடிக்காததால் கடன் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான் போலும். வாங்கிய தொகை வாங்கியதுதான். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆண்டுகள் கழித்து, சொந்தமாக ஒரு கடை போட வங்கியில் கடன் கேட்டபோதுதான், நிலுவைக்காரர் பட்டியலில் தன் பெயர் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. பேங்க் நெகாராவின் 'சிசிரிஸ்' என்னும் பதிவேட்டைப் பார்த்தே வங்கிகள் கடன் கொடுக்கின்றன; இந்தக் கல்விக் கடனும் அதில் ஏறும். கடன் பாக்கிக்காரர்களை வெளிநாடு போகவிடாமல் தடுக்கும் பட்டியல் ஒன்று முன்பு இருந்தது, 2018இல் பெயர்களை நீக்கினார்கள். அதோடு எல்லாம் நீங்கிற்று என்று எண்ணியவர்கள் நம்மிலும் உண்டு. நீங்கியது பயணத் தடை, கடன் அல்ல.

முதல் வகுப்பில் பட்டம் பெற்றால் கடனைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது மெய்யே. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு, அவை காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கின்றன. அதை நம்பிக் கடன் வாங்குவது, மழையை நம்பிக் குடம் உடைப்பதாகும். வந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

நம் வேதத்தில் ஆகப் பெரிய வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை மதரஸாவில் ஓதிய எவரும் அறிவர். கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்கு, வேறொருவர் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்காமல் நின்ற செய்தியையும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். ஆகவே ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளில் பிள்ளையிடம் பேனாவை மட்டும் நீட்டாமல், தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டில் அடைப்பது, மாதம் எவ்வளவு என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்து அவனுடையது, கடனும் அவனுடையது. பத்திரத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, வியாபாரிகளுக்கு மட்டுமே உரிய ஒரு சங்கடம். மகன் பட்டயப் படிப்பு முடித்துக் கடைக்கே வந்துவிடுகிறான். நமக்கு மகிழ்ச்சி. அவனுக்குச் சோறு, துணி, கைச்செலவு எல்லாம் கடையிலிருந்து. சம்பளம் என்று எதுவும் எழுதுவதில்லை. படிப்பு முடிந்து சில மாதம் கழித்துத் தவணை தொடங்கும்போது, கடன் அவன் பெயரில், பணம் அத்தா கல்லாவில். அவன் கேட்கக் கூசுகிறான், நாம் மறந்துபோகிறோம். ஆறு மாதம், ஓராண்டு என்று பாக்கி ஏறுகிறது. நம் கடையிலும் இது நடந்தது. நாலு மாதப் பாக்கி விழுந்த பிறகு மகள்தான் எடுத்துச் சொன்னாள். அவள் தன் சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிறவள். தம்பியை அழைத்துக்கொண்டு பி.டி.பி.டி.என். அலுவலகத்துக்குப் போனாள். முடிகிற தொகைக்குத் தவணையைத் திருத்தி அமைத்துக்கொள்ள வழியிருக்கிறது. வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவே. இப்போது பேரேட்டில் மற்ற வேலையாட்களைப் போலவே அவன் பெயரிலும் மாதச் சம்பளம் எழுதுகிறோம், சேமநிதியும் கட்டுகிறோம். சம்பளம் கொடுத்த மறுநாள் அவனே தன் கைப்பணத்திலிருந்து தவணையைக் கட்டி, இரசீதைக் கல்லாப் பெட்டிக்கு மேலுள்ள கம்பியில் குத்தி வைத்துவிடுகிறான்.