பின்சீட்டிலிருந்து ஐந்து மீன்

வடக்கு டெக்சஸில் சனிக்கிழமை இருட்டு விலகும் முன்பே ஏரிக்கரைப் படகுத்துறைக்குப் போனால், பிக்கப் வண்டிகள் பின்னால் படகை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். பல படகுகள் ஏதாவது ஒரு உள்ளூர் கிளப்பின் பாஸ் மீன் போட்டிக்கு வந்தவையாக இருக்கும். படகுக்கு இரண்டு பேர். முன்னால் நிற்பவர் படகின் சொந்தக்காரர். பின்னால் நிற்பவர் படகில்லாதவர், குலுக்கலில் அவருக்கு ஜோடியாக விழுந்தவர். டாலஸ் பக்கம் குடியேறிய நான் இரண்டாவது ரகம்.

படகு எங்கே போகவேண்டும், எந்தக் கரையில் நிற்கவேண்டும், எப்போது நகரவேண்டும் என்பதெல்லாம் முன்னால் இருப்பவர் முடிவு. அவர் வீசிப் பார்த்துவிட்டுப் போன தண்ணீர்தான் எனக்கு. இந்த மிச்சத் தண்ணீரில் மீன் எடுக்கப் பழகியதில்தான் மீன்பிடிப்பைப் பற்றி நான் அதிகம் கற்றுக்கொண்டேன். புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு அது பயன்படலாம்.

முதலில் கணக்கு

லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். நம் ஊர்க் குளத்தில் விரால் பிடித்தவருக்கு அதன் குணம் உடனே பிடிபடும். பாசி ஓரத்திலோ மூழ்கிய மரத்தடியிலோ ஒளிந்திருந்து, பக்கத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்குகிற ஜாதி அது. டெக்சஸின் பெரும்பாலான ஏரிகளில் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து பாஸ் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் குறைந்தது 14 அங்குலம் இருக்கவேண்டும். கிளப் போட்டியிலும் அதே ஐந்துதான். ஐந்தின் மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. ஆறாவதாக ஒன்று கிடைத்தால், படகின் மீன்தொட்டியில் இருப்பதில் சிறியதை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

14 அங்குல மீன் ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு இருக்கும். 20 அங்குலம் என்றால் ஐந்து பவுண்டை நெருங்கும். இதைப் பார்த்ததும் பெரிய மீனின் மேல்தான் எல்லோருக்கும் கண் போகும். ஆனால் கிளப் போட்டியில் ஐந்து மீன் தேறாமல் திரும்புகிறவர்கள் நிறைய. சின்னதோ பெரியதோ, அளவுக்கு வந்த ஐந்தைச் சேர்த்துவிட்டாலே பட்டியலில் நல்ல இடம் கிடைத்துவிடும். தவிர, பல கிளப்புகளில் ஆண்டு முழுக்கப் புள்ளிகள் கூட்டி, வருடக் கடைசியில் சிறந்த மீன்பிடிப்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாதம் வெறுங்கையோடு வந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்புவது கஷ்டம். அதனால் முதலில் ஒன்று, பிறகு ஐந்து, அதற்கப்புறம் பெரியது என்ற வரிசையில்தான் என் நாள் ஓடும்.

முந்தின இரவே பாதி வேலை

பின்பக்கத்தில் இடம் குறைவு. நான் நான்கு தூண்டில் கழிகளுக்கு மேல் எடுத்துப் போவதில்லை. ஒன்றில் டெக்சஸ் ரிக்: தோட்டா வடிவ டங்ஸ்டன் குண்டு, அதன் கீழே முள் முனையை ரப்பர் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் கோர்த்தது. மரக்கிளைக்குள் போட்டாலும் எளிதில் சிக்காது. இரண்டாவது மெல்லிய ஸ்பின்னிங் கழி. அதில் வாக்கி ரிக், அதாவது புழுவை நடுவில் முள்ளால் குத்தி இரண்டு பக்கமும் தொங்கவிடுவது. மூன்றாவதில் வேகமாகச் சுற்றி இழுக்கும் ஏதாவது ஒன்று. நான்காவதில் நீர்மட்டத்தில் துள்ளும் லூர், அதாவது செயற்கை இரை. அது விடியற்காலைக்கு மட்டும்.

நான்கையும் முந்தின இரவே கட்டி வைத்துவிடுவேன். படகு ஓடும்போது கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த நேரமெல்லாம் வீசாத நேரம். தூண்டில் நரம்பின் கடைசி இரண்டு அடியை விரல்களுக்கு நடுவில் விட்டு இழுத்துப் பார்ப்பதும் இரவு வேலைதான். எங்கேயாவது சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புது முடிச்சு போடவேண்டும். போட்டி நாளில் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் இதையே செய்கிறேன்.

அப்புறம் உரிமம். டெக்சஸ்வாசிகளுக்கு நன்னீர் மீன்பிடி உரிமம் 30 டாலர். லைஃப் ஜாக்கெட்டைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. பெரிய என்ஜின் ஓடும்போதெல்லாம் அது உடம்பில் இருக்கவேண்டும் என்பது எங்கள் கிளப் விதி.

அடுத்தவர் படகில்

பெட்ரோலுக்கு என் பங்கை அவர் கேட்கும் முன்பே கையில் கொடுத்துவிடுவேன். காலையில் படகை இறக்கும்போது கயிற்றைப் பிடிப்பது, மாலையில் வண்டியைப் பின்னால் எடுத்துத் தருவது, அவர் மீனுக்கு வலை பிடிப்பது, இவை மூன்றும் பின்சீட்டுக்காரன் கடமை. அவர் பெரிய மீனோடு மல்லுக்கட்டும்போது என் நரம்பு தண்ணீரில் கிடக்கக் கூடாது. சுற்றி எடுத்துவிட்டு வலையோடு நிற்கவேண்டும்.

என் வீச்சு படகின் நடுப்பகுதியைத் தாண்டி முன்னால் போகக்கூடாது. அங்கே இருப்பது அவருடைய தண்ணீர். அவர் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கும் இடங்களை மனப்பாடம் செய்துகொண்டு பின்னாளில் வேறொருவருக்குச் சொல்வதும் தவறு. அப்படிச் செய்கிறவர் என்ற பேச்சு பரவிவிட்டால் யாரும் உங்களோடு ஜோடி சேர ஆசைப்பட மாட்டார்கள்.

மிச்சத் தண்ணீரில் என்ன செய்வது

முன்னால் இருப்பவர் வேகமாக வீசினால் நான் மெதுவாக. அவர் கரையைப் பார்த்து வீசினால் நான் ஆழத்தைப் பார்த்து. அவர் அடியில் இழுத்தால் நான் மேலே. அவர் போட்ட அதே லூரை அதே இடத்தில் நானும் போடுவதில் லாபமில்லை. அதை எடுக்கக்கூடிய மீனை அவர் எடுத்தாயிற்று.

டென்டனுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரி இருக்கிறது. 1987இல் அணை கட்டித் தண்ணீர் தேக்கியது. ஏறக்குறைய 29,000 ஏக்கர் பரப்பு. வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் மொட்டை மொட்டையாக நிற்கின்றன. அங்கே ஒரு வசந்தகாலப் போட்டியில் எனக்கு ஜோடியாக வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நல்ல கைக்காரர். கிராங்க்பெய்ட் என்னும் லூரை வீசி வேகவேகமாகச் சுற்றிக்கொண்டே, மரத்துக்கு மரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் அவருடைய வீச்சு வெயில் பட்ட பக்கமாகவே விழுந்தது. படகு வந்த திசைக்கு அதுதான் வசதி. படகு தாண்டிப்போன பிறகு அதே மரம் எனக்கு மறுபக்கத்தைக் காட்டியது. நிழல் பக்கம்.

வாக்கி ரிக்கை மரத்தை ஒட்டி விட்டேன். குண்டு இல்லாததால் புழு இரண்டு முனையும் நடுங்க மெதுவாக இறங்கியது. கழியை அசைக்கவில்லை. தளர்ந்து கிடந்த நரம்பு தண்ணீர் மேல் ஒரு வளைவாக இருந்தது. அந்த வளைவு நிமிர்ந்தது. கையில் ஒன்றும் தட்டவில்லை. நரம்பு மட்டும் மரத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நகர்ந்தது. தளர்ச்சியைச் சுற்றி எடுத்துவிட்டுக் கழியை ஓங்கினேன். அளவுப் பலகையில் வாயை மூடிவைத்து, வாலைச் சேர்த்துப் பிடித்தபோது 16 அங்குலத்தைத் தொட்டது.

"அந்த மரத்தை இப்பத்தானே பார்த்துட்டு வந்தேன்!" என்றார் தபால்காரர்.

"நீங்க வெயில் பக்கம் பார்த்தீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு படகை அவரே கொஞ்சம் மெதுவாக்கினார்.

இதிலிருந்து தேறியவை மூன்று. முதலாவது, மரமோ படகுத்துறைத் தூணோ, முன்னால் நிற்பவர் தொடமுடியாத ஒரு பக்கம் எல்லாவற்றுக்கும் உண்டு. படகு தாண்டும்போது அதைப் பார்த்துவைத்துப் பின்பக்கமாக வீசவேண்டும். இரண்டாவது, மெதுவாக இறங்கும் இரையை மீன் எடுப்பது பல சமயம் கையில் தெரியாது, நரம்பில்தான் தெரியும். கண் நரம்பின் மேல் இருக்கட்டும். மூன்றாவது, படகு கரையை ஒட்டிப் போகும்போது அதன் மறுபக்கம் ஆழமான தண்ணீர். கரையில் தட்டுப்படாத நாளில் அந்தப் பக்கமும் சில வீச்சு போட்டுப் பார்க்கலாம்.

பருவத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வசந்தத்தில் பாஸ் முட்டையிட ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். கூட்டைக் காவல் காப்பது ஆண் மீன். அப்போது கரைப்பக்கம் யாருக்கும் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் ஷாட் என்னும் சிறு மீன்கூட்டம் ஓடைவாய்களுக்குள் நுழையும்போது பாஸும் பின்னாலேயே போகும். அந்த நாட்களில் மெதுவாக இழுத்துப் பயனில்லை. நானும் வேகத்துக்கு மாறிவிடுவேன்.

மீன் உயிரோடு கரை சேரவேண்டும்

1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டி ரே ஸ்காட் என்ற அலபாமாக்காரர் நடத்திய போட்டியிலிருந்துதான் இன்றைய பாஸ் போட்டிகள் கிளைத்தன. அவர் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தவர். பிடித்த மீனைக் கொல்லாமல் எடைபோட்டுத் திருப்பி விடும் வழக்கத்தை 1972இல் அவர் தன் போட்டிகளில் கொண்டுவந்தார். இன்று கிளப்புகளிலும் அதுவே முறை. செத்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழித்துக்கொள்வார்கள்.

ஆகவே மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்துபோகும். பெரிய மீனைத் தாடையைப் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்கடியில் இன்னொரு கை கொடுக்கவேண்டும். கோடையில் படகின் மீன்தொட்டிக்குள் உறைந்த தண்ணீர் பாட்டிலைப் போடுகிறோம். குழாய்நீர்ப் பனிக்கட்டியை அப்படியே கொட்டினால் அதிலுள்ள குளோரின் மீனுக்கு ஆகாது. ஒவ்வொரு மீனுக்கும் நிற அடையாளக் கிளிப் மாட்டி, கைத்தராசில் எடை பார்த்து எழுதிவைத்தால், ஆறாவது மீன் வரும்போது எதை விடுவது என்று தடுமாற வேண்டாம்.

நேரமும் எடைதான். தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு கழிப்பது எங்கள் வழக்கம். வசந்தத்தில் இங்கே தெற்குக் காற்று மதியத்தில் வலுக்கும். காலையில் இருபது நிமிடத்தில் கடந்த தண்ணீரை அலைக்கு எதிரே கடக்க இரண்டு மடங்கு நேரமாகும். மணியைப் பார்த்துச் சொல்வதையும் பின்சீட்டுக்காரன் எடுத்துக்கொள்ளலாம். முன்னால் இருப்பவர் இன்னும் ஒரு வீச்சு என்றுதான் சொல்வார்.

சேர நினைப்பவர்களுக்கு

கிளப் போட்டி சின்ன விஷயமில்லை. கனெக்டிகட்டைச் சேர்ந்த பிரையன் கெர்ச்சல் என்ற இளம் சமையல்காரர் கிளப்புகளின் கூட்டமைப்பு வழியாகத் தேர்வாகித்தான் 1993இல் பாஸ் மீன்பிடிப்பின் உச்சப் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்குக்குப் போனார். கடைசி இடம். மறுவருடம் மறுபடி தேர்வாகி, வட கரோலினாவின் ஹை ராக் ஏரியில் அதே கிளாசிக்கை வென்றார்.

அந்த உயரம் எல்லோருக்கும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் வேறொருவர் படகில், வேறொரு ஏரியில், வேறொரு கைப்பழக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறெங்கும் கிடைக்காத படிப்பு. எந்த மரத்தில் நிற்கிறார், எதைத் தொடாமல் போகிறார் என்று கவனித்து, மாலையில் அவரிடமே கேட்டுவிடுங்கள். போட்டி முடிந்ததும் மீன்பிடிப்பாளர்கள் தாராளமாகப் பேசுவார்கள்.

படகு வாங்கிவிட்டுத்தான் கிளப்பில் சேரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எடைபோடும் மேடைப் பக்கம் போய், பின்சீட்டுக்கு ஆள் தேவையா என்று கேளுங்கள். உரிமம், லைஃப் ஜாக்கெட், நான்கு கழிகள், பெட்ரோல் பங்கு ஆகியவை போதும். எப்போதாவது முன்சீட்டுக்குப் போனால், மரத்தின் நிழல் பக்கத்திலும் ஒருமுறை வீசிவிட்டு நகருங்கள். இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் எடுத்துவிடுவார்.