எழுத்தைப் பார்க்காதே, இரும்பைப் பார்

எனக்கு 19 வயதிருக்கும்போது காரிமங்கலம் சந்தையில், பழைய இரும்புச் சாமான் விரித்திருந்த ஒருவரிடம் முதல் சவரக் கத்தியை வாங்கினேன். அதன் கழுத்தில் ‘சோலிங்கன், ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வெயில் பட்டதும் அப்படி மின்னியது. பேரம்கூடப் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பா கையில் வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்துப் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. முதுகை விரலால் தடவினார். எங்கள் முடிதிருத்தும் கடையில் கிடந்த ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கத்தியைப் படுக்க வைத்தார். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. “வளைஞ்சிருக்குடா. எவ்வளவு தீட்டினாலும் பாதி வாய்தான் கல்லில் படும்” என்றார். நான் விடவில்லை. ஒரு வாரம் தீட்டினேன். காலையில் ஏற்றிய கூர் இரண்டு முகம் வழிப்பதற்குள் இறங்கிவிட்டது.

தருமபுரியில் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பிளேடு மாற்றும் கத்திதான். ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு. மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் இரத்தத்தில் பரவும் என்று தெரிந்த பிறகு, ஒரே கத்தியைப் பல முகங்களில் வைப்பது பாவம். முழு இரும்புக் கத்தி என் முகத்துக்கு மட்டும். ஆனால் அதை ஆசையாக வாங்கும் இளைஞர்கள் கூடிவருகிறார்கள். செல்போனில் படத்தைக் காட்டி “அண்ணா, இது ஒரிஜினலா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் எவ்வளவு தூரம் பேசும்?

சவரக் கத்திக்குப் பேர்போன ஊர்கள் இரண்டு: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன். பெயரைத் திருடுவதும் அந்தத் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் செய்த மட்டமான கத்திகளில் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்து விற்றார்கள். அந்தத் தொல்லையால் பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலும் 1889இல் அதுபோல ஒரு சட்டம் வந்தது. பின்னாளில் சோலிங்கன் பெயரையே மற்றவர்கள் திருட ஆரம்பிக்க, 1938 முதல் ஜெர்மன் சட்டம் அந்த ஊர்ப் பெயருக்குக் காவல் நிற்கிறது. முக்கிய வேலைகள் அந்த வட்டாரத்தில் நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். ஆனால் ஜெர்மன் சட்டம் நம் ஊர்ச் சந்தை விரிப்பு வரைக்கும் வருவதில்லை.

பழைய நல்ல கத்திகளில் முத்திரையை இரும்பு மிருதுவாக இருக்கும்போதே அச்சால் அடித்திருப்பார்கள். எழுத்துக்கு ஆழம் இருக்கும். கத்தி எவ்வளவு தேய்ந்ததோ அந்த அளவுக்கு எழுத்தும் தேய்ந்திருக்கும். கத்தி பழசாக இருந்து எழுத்து மட்டும் நேற்று எழுதியதுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். எழுத்துக் கூட்டலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் முதல் கத்தியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பல வருஷம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன்.

‘சில்வர் ஸ்டீல்’ என்ற பொறிப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அதன் பின்னால் நம் நாட்டு இரும்பின் கதை இருக்கிறது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகை வெள்ளைக்காரர்கள் ‘வூட்ஸ்’ என்றார்கள். அதன் தரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வியாபாரியும் சேர்ந்து சோதனை செய்து 1820இல் வெளியிட்டார்கள். எஃகில் ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி கலந்து பார்த்ததும் அதில் ஒன்று. அதன் புகழை வைத்துத்தான் ‘வெள்ளி எஃகு’ என்ற பெயர் கடைகளில் ஓடியது. பிறகு அது வெறும் விளம்பரச் சொல்லாகிவிட்டது.

இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். 2004 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கும் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இரும்பைப் பார்த்து எடைபோடுவது நம் மண்ணுக்குப் பழக்கமான வேலை.

‘டமாஸ்கஸ்’ என்று அலை அலையாகக் கோடு போட்ட கத்திகளும் இப்போது நிறைய வருகின்றன. நிஜமாக அடுக்கி அடித்த இரும்பென்றால் கோடு முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. முதுகில் கோடே இல்லாமல் பக்கவாட்டில் மட்டும் இருந்தால், அது மேலே அரித்து வரைந்த படம்.

முதுகில் இருக்கிறது கணக்கு

சவரக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுக்க வேண்டும். அதனால் வாயின் கோணத்தை நம் கை முடிவு செய்வதில்லை, முதுகின் தடிமன்தான் முடிவு செய்கிறது. அலகின் அகலம் 16 மில்லிமீட்டர் என்றால் முதுகு நாலு, நாலரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அப்போது கோணம் 14 முதல் 16 டிகிரிக்கு வரும். முதுகு மெலிந்தால் வாய் நொறுங்கும். தடித்தால் முடியை வெட்டாமல் இழுக்கும். கத்தி வடிவத்தில் வரும் மலிவுச் சாமான்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. முதலில் வாங்குகிறவர்களுக்கு இந்த 16 மில்லிமீட்டர்தான் வசதி. அதைத்தான் ‘எட்டில் ஐந்து’ அங்குலம் என்கிறார்கள்.

பழைய கத்தியின் முதுகில், கல்லில் தேய்ந்த பட்டை இரண்டு பக்கமும் தெரியும். அது நேராகவும் சம அகலமாகவும் இருந்தால் தீட்டியவர் கை தெரிந்தவர். ஒரு பக்கம் நூலாகவும் மறுபக்கம் நாடாவாகவும் இருந்தால் கத்தி முறுகியிருக்கலாம், அல்லது தெரியாத கை ராவியிருக்கும். விட்டுவிடுங்கள்.

பிறகு அப்பா செய்ததைச் செய்யுங்கள். சமமான கண்ணாடித் துண்டில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்க வையுங்கள். ஆடக்கூடாது. வாய்க்கடியில் வெளிச்சம் ஒழுகக்கூடாது. வாய் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை. உட்பக்கம் குழிந்திருந்தால் வேண்டாம்.

மினுமினுப்பு மறைப்பது என்ன?

அதியமான் ஆண்ட தகடூர்தான் எங்கள் ஊர். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளவென்று வீட்டுக்குள் இருந்ததையும், அதியமானின் வேல்கள் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடந்ததையும் ஔவையார் ஒப்பிட்டுப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பழைய கத்தி வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பழைய கத்தியைச் சக்கரத்தில் போட்டு மெருகேற்றும்போது துரு போகும். கவனமில்லாவிட்டால் சூடேறி, வாயின் உறுதியும் போகும். வாயோரம் நீலம் பூத்திருந்தால் அந்த இடம் 300 டிகிரி வரை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இரும்பில் கூர் நிற்காது. நிறத்தையும் தேய்த்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதனால் அலகில் பழைய பொன்னெழுத்து அழியாமல் இருக்கும் கத்திக்கு நான் கூடுதலாகக் கொடுப்பேன். அந்த எழுத்து மேலோட்டமானது. அது மிச்சமிருந்தால் சக்கரம் அங்கே படவில்லை.

சிவப்புத் துரு எண்ணெய்த் துணிக்குப் போய்விடும். கறுப்புப் புள்ளி போகாது. அது உள்ளே இறங்கிய குழி. முதுகுப் பக்கம் இருந்தால் இருக்கட்டும். வாயோரம் இருந்தால், தீட்டத் தீட்ட ஒவ்வொரு குழியும் ஒரு பல்லாகிவிடும்.

விரிசலைக் கண்டுபிடிக்க, பஞ்சால் முதுகிலிருந்து வாயை நோக்கி மெதுவாகத் துடைத்தெடுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தை லென்ஸில் பாருங்கள். உள்வாங்கித் தேய்த்த மெல்லிய அலகை நகத்தால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தையாக ஒலித்தால் எங்கோ பிளந்திருக்கலாம்.

பிடி

கத்தியை மூடும்போது அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். ஓரத்தில் உரசினால் ஒரு நாள் வாய் உடையும். பழைய செல்லுலாய்டு பிடியில் கற்பூர வாசம் தூக்கலாக அடித்து, அலகில் அதை ஒட்டியே துரு பிடித்திருந்தால், பிடி சிதையத் தொடங்கிவிட்டது; அந்த ஆவியே இரும்பைத் தின்னும். தந்தப் பிடி என்று சொன்னால் தொடவே தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வியாபாரத்தைத் தடுக்கின்றன. ஒகேனக்கல் காட்டில் யானை நடமாடும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் அதை வாங்குவது முறையும் இல்லை.

கூரைக் கடைசியில் பாருங்கள்

கட்டைவிரலை வாயின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். கூரைச் சோதிக்க அது வழியே இல்லை. கூர் பிறகு ஏற்றிக்கொள்வது. கூர் இல்லாத நல்ல கத்தியை வாங்கலாம். கூராக இருக்கும் கெட்ட கத்தியை வாங்கக் கூடாது. சாணைக்கல்லுக்கும் தோல் வாருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். முதல் தடவை தெரிந்த கையால் தீட்டி வாங்குங்கள். பழைய கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, எண்ணெய் தடவிய பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஆன்லைனில் வாங்குவதானால் ஐந்து படம் கேளுங்கள்: கழுத்தின் இரண்டு பக்கமும், முதுகை மேலிருந்து, கண்ணாடியில் படுக்க வைத்து, மூடிய நிலையில். கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

அப்பாவின் கத்தி என்னிடம் இருக்கிறது. அவர் ஊர் ஊராகப் போய், வருஷத்துக்கு ஒருமுறை களத்தில் ராகி வாங்கிக்கொண்டு தொழில் செய்த காலத்துக் கத்தி. முத்திரை முழுக்க அழிந்துவிட்டது; எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று யாராலும் சொல்ல முடியாது. 16 மில்லிமீட்டர் இருந்த அலகு தேய்ந்து இப்போது 13க்கு வந்துவிட்டது. சென்ற மாதம் முதுகை அளந்து பார்த்தேன். மூன்றரை. வாய் தேய்ந்த கணக்கில் முதுகும் தேய்ந்து, கோணம் அப்படியே நிற்கிறது. இரண்டு பக்கப் பட்டையும் மயிரிழை பிசகாமல் சமமாக இருக்கின்றன. அதில் படிக்க ஓர் எழுத்தும் இல்லை. முதுகைத் தடவினால் அப்பாவின் கை தெரிகிறது.