ஹோஸ் மாற்றிய பிறகு ஸ்டீயரிங் கெட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் ஹோஸில் ஆயில் கசிந்ததால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இரண்டு ஹோஸையும் மாற்றிப் புது ஆயில் ஊற்றித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் உறுமல் சத்தம். இப்போது ஸ்டீயரிங் ரேக்கிலேயே ஒழுகுகிறது. கியர் பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஏ.டி.எஃப். ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்கிறார் வேறொரு மெக்கானிக். ஒர்க்‌ஷாப்காரரோ, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். கேரண்டி இல்லைன்னு ஜாப் கார்டிலேயே போட்டிருக்கே" என்கிறார். பில் என்று ஒரு துண்டுச் சீட்டுதான் தந்தார், பணம் யு.பி.ஐ.யில் கட்டினேன். வழக்குப் போடலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாகப் போடலாம். காசு வாங்கிக்கொண்டு வண்டியைப் பழுதுபார்ப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 'சேவை'. அதில் கவனக்குறைவு இருந்தால் அது சேவைக் குறைபாடு. பழைய வண்டி என்று தெரிந்துதான் அவர் வேலையை ஒப்புக்கொண்டார். இப்போது வண்டியின் வயதைக் காரணம் காட்ட முடியாது. 'கேரண்டி இல்லை' என்ற அச்சு வரியும் தவறான ஆயிலை ஊற்றியதற்குக் கவசமாகாது.

வழக்கின் உயிர் அந்த ஆயிலில்தான் இருக்கிறது. ஹோண்டா பவர் ஸ்டீயரிங் ஆயிலைத் தவிர வேறு எதையும், ஏ.டி.எஃப். உட்பட, ஊற்றினால் சிஸ்டம் கெடும் என்று வண்டியின் கையேடே எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். ரிசர்வாயர் மூடியைத் திறந்து ஆயிலின் நிறம் தெரியும்படி படம் எடுங்கள். கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் எடுங்கள். சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் ஆயிலை எடுத்து, இரண்டு பேர் முன்னிலையில் சீல் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நிறம் மட்டும் சாட்சி ஆகாது. தேவைப்பட்டால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. "ரேக் சீல் முன்பே நைந்துபோயிருந்தது" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். அதனால் ஓர் ஆட்டோமொபைல் இன்ஜினியர் பார்த்து எழுத்தில் அறிக்கை தரும்வரை யாரையும் ஆயிலை வடிக்கவோ ரேக்கைக் கழற்றவோ விடாதீர்கள்.

அதுவரை வண்டியை ஓட்டவே வேண்டாம். ஆயில் தீர்ந்து பம்ப்பும் போனால், அந்த நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். அதைவிட, திருப்பத்தில் ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால் உயிருக்கே ஆபத்து.

துண்டுச் சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். முறையான பில் தராததே சட்டப்பிரிவு 2(47)-இன் கீழ் நியாயமற்ற வணிக நடைமுறை. யு.பி.ஐ. பதிவு, ஜாப் கார்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் ஆதாரமே.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கெடு இரண்டு வருடம். கட்டிய பணத்தையும், மறுபடி சரிசெய்யும் செலவையும், மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேளுங்கள். தேய்ந்த ரேக்குக்குப் புது ரேக்கின் முழு விலையும் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நோட்டீஸ் கிடைத்ததும், "வண்டியைக் கொண்டு வாங்க, இலவசமாகச் சரிசெய்து தர்றோம்" என்று அழைக்கக்கூடும். போகலாம், ஆனால் மாதிரியும் அறிக்கையும் கையில் வந்த பிறகு, 'கட்டணம் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள். செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டப்பிரிவு 170 அவருக்கு உரிமை தருகிறது. 'கட்டணம் இல்லை' என்ற எழுத்து உங்களிடம் இருந்தால் அவர் அந்த உரிமையைக் காட்டி வண்டியை நிறுத்திவைக்க முடியாது.