வெட்கத்தால் மறைக்கும் நோவு: மார்க்கம் சொல்வதென்ன?



நெய்வேலியில் நாம் பயான் முடித்து இறங்கியபோது, ஒரு சகோதரி தம் சிறு மகளின் கையில் மடித்துக் கொடுத்தனுப்பிய சீட்டு வந்தது. புற்றுநோயால் ஒரு மார்பை அகற்றி, அவ்விடத்தில் சிலிக்கான் பை வைத்துப் பல வருடங்களாகிவிட்டன. இப்போது அது கல்லாக இறுகி வலிக்கிறதாம். "அல்லாஹ்வின் படைப்பில் கை வைத்ததற்கு இது தண்டனையா? டாக்டரிடம் காட்டவும் வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

இக்கேள்வி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்கே இச்சிகிச்சை இலவசமாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே சட்டத்தை அறிந்துகொள்வோம்.

முதலாவது, பை வைத்தது கூடுமா? அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபி, அறியாமைக் காலத்துப் போர் ஒன்றில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்கு செய்து வைத்தார்கள், அது நாற்றமெடுத்தது. பெருமானார் (ஸல்) அவர்கள், ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கத்தாலேயே மூக்கு வைத்துக்கொள்ளப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது உள்ளது. இழந்ததைச் சீராக்குவது படைப்பை மாற்றுவதன்று. 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இவ்வாறே தீர்மானித்தது. குறையேதுமின்றி அழகுக்காக மட்டும் செய்துகொள்வது கூடாது.

இரண்டாவது, வலி தண்டனையா? அன்று. உடலுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால், அதைச் சுற்றி உடல் ஒரு தழும்புத் தோலை வளர்க்கும். சிலருக்கு அது சுருங்கிப் பையை நெருக்கும். கதிர் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது அதிகம். சீழ் பிடிப்பதும் உண்டு. பை கிழிவதும் உண்டு. பை ஆயுளுக்கும் உழைப்பதன்று. பல ஆண்டுகளுக்குப் பின் திடீரென நீர் கோத்து வீங்கினால், அரிதான ஒருவகைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டால், பையையும் சுற்றியுள்ள தோலையும் அகற்றிப் பெரும்பாலும் குணமாக்கலாம். இந்நோயின் காரணமாகவே, சொரசொரப்பான மேற்புறமுள்ள சில பைகளை 2019இல் அலர்கன் நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆகவே, எந்த நிறுவனப் பை என்று குறித்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, மறைப்பது சரியா? நெய்வேலிச் சகோதரிகள் அறிவீர்கள்: நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்று பம்புகளை நிறுத்தினால் சுரங்கம் என்னாகும்? சிலிக்கான் பையும் வெளியே அடையாளமின்றிக் கிழியக்கூடும். ஆகவேதான், வலியில்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறையும் எடுக்க அமெரிக்க மருந்துத் துறை சொல்கிறது.

வெட்கம் ஈமானின் கிளைதான். ஆனால் உயிரைப் பணயம் வைப்பது வெட்கமாகாது. பெண் டாக்டர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். இல்லையேல் கணவரோ மஹ்ரமோ உடனிருக்க, ஆண் டாக்டரிடம் தேவையான அளவு காட்டலாம். பையை எடுத்துவிடச் சொன்னால் எடுப்பதிலும் குற்றமில்லை; வெள்ளி மூக்குக்குப் பதில் வேறு மூக்கு வைக்கப்பட்டதே!

நான்காவது, வணக்கம். பை தோலுக்குள் இருப்பதால் கடமையான குளிப்புக்குத் தடையில்லை. அறுவைக்குப்பின் தண்ணீர் ஆகாதெனில், மற்ற இடங்களைக் கழுவி, கட்டின்மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாஃபியீ மத்ஹபினர் தயம்முமும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணவன்மார்களே! அர்ஃபஜா (ரலி) அவர்களின் குறையைக் கேட்டுப் பெருமானார் (ஸல்) முகம் சுளிக்கவில்லை, வழி சொன்னார்கள். உங்கள் மனைவி தயங்கித் தயங்கிச் சொல்லும்போது நீங்களும் அப்படியே கேளுங்கள்.

அந்தச் சகோதரிக்கும் நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.