வண்ணம் பிரித்தல்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் கீழ்பென்னாத்தூர் என்னும் ஊர் உள்ளது. மாணவர்களே, அவ்வூர்ப் பெயரை ஒரு முறை எழுதிப் பாருங்கள். நான்கு எழுத்துகளின் தலைமீது புள்ளி இட நேரும். தாளில் எழுதுவார்க்கு இஃது ஒரு நொடி வேலை. அந்நான்கு புள்ளிகளையும் ஒரு பனியனின் மார்பில் அச்சிட முயன்றவர்க்கோ அவ்வளவு எளிதாக அமையவில்லை. அவ்வரலாற்றைக் கூறுமுன், சட்டைகளில் படம் அச்சிடும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

டீ-சர்ட் என வழங்கும் வட்டக் கழுத்துப் பனியன்களில் படம் பதிப்பதற்குப் பெருவழக்காயுள்ளது திரை அச்சு. மரத்தாலேனும் அலுமினியத்தாலேனும் செய்த சட்டத்தில், மெல்லிய வலைத்துணியை முரசின் தோலைப்போல் விறைப்பாக இழுத்துக் கட்டுவர். தொழிலாளர் இதனை ஸ்கிரீன் என்பர். ஒளி பட்டால் இறுகும் தன்மையுடைய பசையை அவ்வலையில் பூசி, மங்கிய வெளிச்சத்தில் உலர்த்துவர். பின்னர், படம் கரிய மையால் பதிந்த பிலிமை வலையோடு நெருங்கப் பொருத்தி ஒளி பாய்ச்சுவர். ஒளி பட்ட இடத்துப் பசை இறுகிவிடும். பிலிமின் கருமை மறைத்த இடத்துப் பசையோ இறுகாது. நீர் தெளித்தால் கரைந்தோடும். ஆண்டு வழி திறக்கும். சட்டத்தைப் பனியன்மேல் வைத்து, மையை இட்டு, இரப்பர்ப் பட்டையால் இழுத்தால், திறந்த வழியில் மட்டும் மை இறங்கித் துணியிற் பதியும்.

இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்தவராகிய சாமுவேல் சைமன் என்பார், பட்டு வலையைக் கொண்டு அச்சிடும் முறைக்கு 1907-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு நெடுங்காலம் முன்பே சப்பானியர் தாளை வெட்டி, அவ்வெட்டின் வழியே துணிகளில் கோலம் பதித்தனர். வெட்டுத் தாளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'வ' என்னும் எழுத்தை வெட்டினால், அதன் சுழியின் உட்பகுதி பற்றுக்கோடின்றி உதிர்ந்துவிடும். சப்பானியர் அத்தகைய துண்டுகளை மெல்லிய பட்டிழைகளால் பிணைத்து நிறுத்தினர். வலை வந்தபின் இவ்விடர் நீங்கிற்று; எத்தீவும் வலையின்மேல் ஒட்டி நிற்கும். சுழி மிகுந்த நம் தமிழ் எழுத்துக்கு வலை செய்த உதவி பெரிது!

ஒரு திரை ஒரு வண்ணத்தையே தரும். ஆதலின் படத்தில் எத்தனை மை உண்டோ அத்தனை திரை வேண்டும். அத்தனை பிலிமும் வேண்டும். படத்தை இங்ஙனம் மைக்கொரு பிலிமாகப் பகுத்தலையே வண்ணம் பிரித்தல் என்கிறோம். ஓவியர் இரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலும் கல்லச்சு முறையில் வண்ணத்துக்கொரு கல் எனப் பிரித்தே தெய்வத் திருவுருவங்களை அச்சிட்டனர். இந்நாளில் கணிப்பொறி பிரித்துத் தருகின்றது. எனினும் எதனை எங்ஙனம் பிரிப்பது என்னும் கருத்து மனிதனுடையதே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கருநீலப் பனியனில் அண்ணாமலையும் அதன் உச்சியில் கார்த்திகைத் தீபமும் வேண்டும்; சுடர் மஞ்சளும் சிவப்புமாக விளங்க வேண்டும்; கீழே ஊர்ப்பெயர் மஞ்சளில் வேண்டும். மலைக்கென மை வேண்டா. வெள்ளைக் கோட்டால் அதன் விளிம்பை மட்டும் வரைந்தால், உள்ளே துணியின் நீலமே மலையாகிவிடும். ஆகவே வெள்ளை, மஞ்சள், சிவப்பு என மூன்று பிலிம்களே போதும். மூன்றும் கருமையாகவே இருக்கும் என்பதை மறவாதீர்கள். மஞ்சளுக்குரிய பிலிமில் மஞ்சளைத் தேடிப் புதியவர் மயங்குவதுண்டு. பிலிமுக்கு ஒளியை மறைப்பதே வேலை; நிறத்தைத் தருவது பின்னர் இடும் மை.

கருநீலத் துணியின்மேல் மஞ்சளை நேரே இட்டால் அது மங்கி மறையும். ஆதலின் மஞ்சளும் சிவப்பும் வரும் இடமெல்லாம் முதலில் வெள்ளையை அடித்தளமாக இடுவர். அவ்வெள்ளையை மேல்வண்ணத்தினும் மயிரிழை அளவு சுருக்கியே பிலிம் செய்வர். இல்லையெனில் பனியன் சிறிது நகர்ந்தாலும் சுடரைச் சுற்றி வெள்ளை விளிம்பு எட்டிப் பார்க்கும். மஞ்சளும் சிவப்பும் கூடுமிடத்திலோ மஞ்சளைச் சிறிது நீட்டிச் சிவப்பின் அடியிற் புகவிடுவர். மூன்று பிலிம்களிலும் ஒரே இடத்தில் வட்டத்துட் கூட்டற்குறி இட்டு, அக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு திரைகளை நிறுத்துவர்.

இனி, முற்கூறிய புள்ளிகளின் வரலாற்றுக்கு வருவோம். கபடிப் போட்டி நடத்திய இளைஞர் சிலர், ஊர்ப்பெயர் பொறித்த பனியன்கள் அறுபது செய்வித்தனர். பெயரைச் சட்டைப்பை அளவிற் சிறிதாக அமைத்திருந்தனர். மஞ்சள் பிலிமை என்னிடம் காட்டி, பிழையுண்டா எனக் கேட்டனர். நான்கு புள்ளிகளும் இருந்தன. பிழையில்லை என்றேன். வெள்ளைப் பிலிமை அவர்களும் காட்டவில்லை; யானும் கேட்கவில்லை.

பனியன்கள் வந்தன. எழுத்துகள் பொன்போல் மின்னின. ஆனால் 'கீழபெனனாததூர' என்றே படிக்க முடிந்தது! நிகழ்ந்தது இதுவே: கணிப்பொறி வெள்ளைத் தளத்தைச் சுருக்குங்கால் எழுத்தையும் புள்ளியையும் ஒரே அளவாற் சுருக்கிற்று. எழுத்து அதனைத் தாங்கிற்று. கடுகினும் சிறிய புள்ளி தாங்கவில்லை. எஞ்சிய துகளும் வலையின் இழைகளுக்கிடையே அகப்பட்டு மறைந்தது. பனியனுக்கு வழங்கும் வலையில் ஓர் அங்குலத்துக்கு நூற்றுப்பத்து இழைகள் போல இருக்கும். இழையொன்றின்மேல் விழும் நுண்புள்ளிக்கு மை இறங்க வழியேது? வெள்ளை இல்லாத இடத்தில் மஞ்சள் புள்ளி நீலத்துள் மூழ்கிவிட்டது.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்துள்ளது. ஆயினும் ஏட்டில் எழுதியோர், எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடுமென அஞ்சிப் புள்ளியை விட்டெழுதினர். படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். அதனால் ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் பட்ட துன்பம் பெரிது. ஓலைக்கு நேர்ந்த குறை பனியனுக்கும் நேரும் என யான் எண்ணியதேயில்லை.

பிலிம் செய்தவர் அச்சிட்டவரைக் குறை கூறினார். அச்சிட்டவர் பிலிமைக் காட்டினார். போட்டிக்கு இரண்டு நாளே இருந்தது. முடிவில் வெள்ளை மையும் மெல்லிய தூரிகையும் வாங்கி வந்து, என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பனியனுக்கு நான்காக இருநூற்று நாற்பது புள்ளிகளைக் கையாலேயே வைத்தோம். வெள்ளை உலர்ந்தபின் அவற்றின்மேல் மஞ்சளும் இட்டோம். விளக்கொளியில் என் கண் தடுமாறி, ஒரு பனியனில் 'னா'வின் தலையிலும் புள்ளி வைத்துவிட்டேன். அதனை எவர் அணிந்து ஆடினாரோ, அறியேன். மறு ஆண்டு அவ்விளைஞர்கள் புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக வரைந்து, அவ்விடத்து வெள்ளையைச் சுருக்காது விடச் செய்தனர். மூன்று பிலிம்களையும் கொணர்ந்து என்முன் விரித்தனர்.